உடன்துணைத் திட்டம்

உஷாராணியின் முகத்தை முதலில் ஏற்க மறுத்தது ஒரு கதவு.

போர்ட் கிள்ளானில், கப்பல் சரக்குகளுக்குச் சுங்கப் பத்திரம் தயாரித்துக் கொடுக்கும் அலுவலகத்தில் அவள் வேலை பார்த்தாள். அவள் சேர்ந்த காலத்தில் கதவில் குமிழ் இருந்தது, திருகினால் திறக்கும். இப்போது முகம் பார்த்துத் திறக்கும் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். எல்லாருக்கும் திறந்தது. தேத்தண்ணி கொண்டுவருபவருக்குக்கூடத் திறந்தது. உஷாராணி போய் நின்றால் மட்டும் சிவப்பு விளக்கு எரிந்து, முகம் தெரியவில்லை என்று மலாயில் சொன்னது. பொருத்தியவரை வரவழைத்தார்கள். அவர் கருவியைத் தட்டினார், துடைத்தார், பிறகு அவள் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மெஷின் ஓகே ஆன்டி. உங்க கன்னத்துல கறுப்பா இருக்கு பாருங்க, அதான் கன்ஃபியூஸ் ஆகுது."

"அது மங்குப்பா. ரொம்ப வருஷமா இருக்கு."

"இருக்கலாம் ஆன்டி. மெஷின் புதுசு இல்லையா."

அன்றிலிருந்து காவலர் தம்புசாமி உள்ளேயிருந்து பொத்தானை அழுத்தி அவளுக்குத் திறந்துவிட்டார். அவர் எரிச்சல்படவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு கன்னத்திலும் காப்பிக் கறை மாதிரி படர்ந்திருந்தது. நல்லாத்தானே இருக்கு என்று சொல்லவும் வீட்டில் ஆளில்லை, நல்லா இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. அம்மா போனபின் அந்த வீட்டில் அவள் மட்டும்தான். கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் யாரும் அந்தப் பேச்சையே எடுக்காமல் போனது. பெர்த்தில் இருக்கும் தம்பி தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாழ்த்துப் படம் அனுப்புவான். அவளும் ஒரு படம் அனுப்புவாள்.

இப்படித்தான் அவள் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து சேர்ந்தாள். வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல் மாடியில், 'அயல்நாட்டு அழகுச் சிகிச்சை விவேகத் தேர்வு மையம்' இருந்தது. வெளிநாட்டுக்குப் போய் முகத்தைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டதால், கிளினிக்கை விவேகத்தோடு தேர்ந்தெடுக்க மக்களுக்குக் கற்றுத்தருவதே மையத்தின் நோக்கம். அதன் தலைவர் டாக்டர் ரெங்கசாமி. அவருடைய டாக்டர் பட்டம் சுற்றுலா நிர்வாகத்தில் வாங்கியது. அதை அவர் மறைக்கவில்லை; யாரும் கேட்கவுமில்லை.

வகுப்பு சனிக்கிழமைகளில் நடந்தது. முதலில் எல்லாரும் எழுந்து நின்று, வலது கையை வலது கன்னத்தில் வைத்து உறுதிமொழி சொல்ல வேண்டும்: "அவசரப்பட மாட்டேன். ஆராய்ந்து அறிவேன். என் முகத்துக்கு நானே பொறுப்பு." கடைசி வாக்கியத்தை மட்டும் வழக்கறிஞர் எழுதிக் கொடுத்ததாக டாக்டர் ரெங்கசாமி பெருமையாகச் சொன்னார்.

பாடம் எடுத்தவள் மூத்த தேர்வு ஆலோசகர் விஷ்ணுப்ரியா. கிளினிக்கை எடைபோடுவது எப்படி என்று படம் போட்டு விளக்கினாள். வரவேற்பறையில் தரும் செருப்பு பஞ்சு வைத்ததா, துணியா? குடிக்கத் தரும் தண்ணீரில் எலுமிச்சையா, வெள்ளரிக்காயா? எலுமிச்சை என்றால் நம்பலாம். வெள்ளரிக்காய் என்றால் முழுமையாக நம்பலாம். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

உஷாராணி கையைத் தூக்கினாள். "அங்க இருக்கற டாக்டர் நம்ம மாதிரி கறுப்புத் தோலுக்குப் பண்ணிப் பழகினவங்களாம்மா?"

விஷ்ணுப்ரியா கனிவாகச் சிரித்தாள். "ரொம்ப நல்ல கேள்விக்கா. ஆனா அது அட்வான்ஸ் லெவல். நாம இப்ப செருப்புலதான் இருக்கோம்."

கடைசிச் சனிக்கிழமை சியோலில் இருக்கும் மூன்று கிளினிக்குகளை ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். உஷாராணி ராத்தூக்கம் கெட்டு யோசித்து இரண்டாவதைச் சொன்னாள். மையத்துக்கு முதலாவதோடு மட்டும்தான் ஒப்பந்தம் என்றும், மற்ற இரண்டும் பயிற்சிக்காக வைக்கப்பட்டவை என்றும் விஷ்ணுப்ரியா சொன்னாள்.

"ஆனா நீங்க காரணத்தோட ரெண்டாவதச் சொன்னீங்க பாருங்க, அதுதான் விவேகம். பாஸ்."

அதன்பின் தனி நேர்காணல். அதில்தான் உஷாராணி தடுமாறினாள்.

"உங்ககூட யாருக்கா வராங்க? துணை இல்லாம அனுப்பக் கூடாது, அது எங்க முதல் விதி."

"யாரும்... வேலையில இருப்பாங்க எல்லாரும்."

"சரி, எமர்ஜென்சின்னா யாருக்கு போன் பண்றது?"

உஷாராணி கைப்பேசியில் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். பிறகு தம்புசாமியின் எண்ணைக் கொடுத்தாள்.

"இவர் உங்களுக்கு என்ன உறவு?"

"கதவு திறந்து விடுவார்."

விஷ்ணுப்ரியா அதை அப்படியே தட்டச்சு செய்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, கவலைப்பட வேண்டாம், துணை இல்லாதவர்களுக்காகவே மையம் உடன்துணைத் திட்டம் வைத்திருக்கிறது என்றாள். பயிற்சி பெற்ற ஒரு பெண் துணையாக வருவார். ஒரே அறையில் தங்குவார். அதுமட்டுமில்லை, அவரும் அங்கே சிகிச்சை எடுத்துக்கொள்வார்.

"அவங்க எதுக்கும்மா எடுத்துக்கணும்?"

"உங்க முகம் மட்டும் சிவந்து வீங்கி இருந்தா உங்களுக்குத் தனியா ஃபீல் ஆகும் இல்லையா? அதுக்குத்தான்க்கா. சேவைன்னா அப்படி இருக்கணும்."

விதிகள் இருந்தன. துணையாளரிடம் சம்பளம் பற்றிப் பேசக் கூடாது. எண்களைப் பரிமாறிக்கொள்ளக் கூடாது. குழுவில் வரும் மற்ற ஜோடிகளோடு கலக்கக் கூடாது, அவரவர் அந்தரங்கம். உஷாராணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீட்டுக்குப் போகும் ரயிலில், தனக்காகத் தன் முகத்தையே கொடுக்கப்போகும் அந்தப் பெண்ணையே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

விமான நிலையத்தில் அவளைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தவள் நசீமா. வெளிர்நீல முக்காடு, ஏறக்குறைய இவள் வயது, இடக்கன்னத்தில் எண்ணெய் தெறித்துச் சுட்ட பழைய தழும்பு.

"என்கூட வர்றது நீங்கதானாக்கா?" என்றாள் நசீமா.

"ஆமாக்கா. நீங்கதானே என்கூட?"

எவ்வளவு மரியாதையாகப் பழக்கியிருக்கிறார்கள் என்று உஷாராணி வியந்தாள். தழும்பு இருக்கும் பெண்ணாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அதிலும் ஒரு விவேகம்.

சியோலில் பனி கொட்டியது. இறங்கிய மறுநாளே கிளினிக். பஞ்சு வைத்த செருப்பு, தண்ணீரில் வெள்ளரிக்காய். முழுமையாக நம்பி உட்கார்ந்தாள் உஷாராணி. மெலிந்த உருவமாக ஒரு பெண் டாக்டர் வந்து, அவள் கன்னத்தை விளக்கு வைத்துப் பார்த்தார், விரலால் நீவிப் பார்த்தார், நாற்காலியில் சாய்ந்து யோசித்தார். பிறகு தன் கைப்பேசியில் கொரிய மொழியில் பேசினார். கைப்பேசி அதைத் தமிழில் சொன்னது.

"வணக்கம். உங்கள் தோல் அழகான பழுப்பு. நான் இத்தகைய தோலை அதிகம் பார்த்ததில்லை. இந்த ஒளிக்கதிர் உங்கள் கறையை மேலும் கருமையாக்கலாம். நான் அஞ்சுகிறேன். களிம்பு பூசுங்கள். வெயிலில் தொப்பி அணியுங்கள். இவை உங்கள் நாட்டிலேயே கிடைக்கும்."

டாக்டர் எழுந்து குனிந்து வணங்கினார். உஷாராணியும் எழுந்து குனிந்தாள். இவ்வளவு தூரம் வந்து கேட்ட சொல் இதுதானா என்று ஒரு பக்கம் இருந்தாலும், உங்கள் தோல் அழகான பழுப்பு என்று ஒரு கைப்பேசி சொன்னதை அவள் மறக்கவில்லை. வேறு யாரும் சொன்னதில்லை.

குழுவை அழைத்து வந்து வெளியே நின்ற விஷ்ணுப்ரியா பதறிப்போனாள். "மாட்டேன்னு சொல்லிட்டாங்களா? எங்க சிஸ்டத்துல அதுக்கு இடமே இல்லையேக்கா." அங்கேயும் இங்கேயும் ஓடினாள். கடைசியில் உஷாராணியின் முகத்தில் குளிர்ச்சியான ஒரு தாளை ஒட்டி எடுத்து, வட்ட விளக்கின் முன் உட்கார வைத்து, சிகிச்சைக்குப் பின் என்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள். சிகிச்சைக்கு முன் எடுத்த படம் பிரிக்பீல்ட்ஸ் மாடிப்படியில் எடுத்தது. அங்கே ஒரு குழல்விளக்குதான். அதுவும் கண் சிமிட்டும்.

நசீமாவின் தழும்புக்கு மட்டும் ஒளிக்கதிர் பாய்ச்சினார்கள். மாலைக்குள் கன்னம் சிவந்து, கண் பாதி மூடிக்கொண்டது.

விடுதி அறையில் அவளைப் பார்த்ததும் உஷாராணிக்குக் குற்ற உணர்வு தாங்கவில்லை. தனக்கு ஒன்றுமில்லை, தனக்குத் துணை வந்தவளுக்கு இப்படி. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, ஒற்றி ஒற்றி எடுத்தாள்.

"உங்களுக்குக் கஷ்டம்" என்றாள் நசீமா.

"எனக்கென்னக்கா கஷ்டம். உங்களுக்குத்தான். எத்தன பேருக்கு இப்படிப் பண்ணியிருப்பீங்க?"

நசீமா புரியாமல் பார்த்தாள். தன் கையிலிருந்த சமையல் தழும்புகளைப் பார்த்துத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் போலும். "கடையில ஒரு காலத்துல நூறு இருநூறு பேருக்குப் பண்ணுவேன்க்கா" என்றாள். உஷாராணி அதைக் கேட்டு மிரண்டுபோனாள். மேலே கேட்பது விதிமீறல் என்று நிறுத்திக்கொண்டாள்.

முகம் வீங்கியவர்களை வெளியே விடக் கூடாது என்பதால் இருவரும் அறையிலேயே இருந்தார்கள். நசீமா பெட்டியில் சாம்பால் மிளகாய் விழுது கொண்டுவந்திருந்தாள். சுடுதண்ணீரில் மீ நூடுல்ஸை ஊறவைத்து, சாம்பால் போட்டுக் கிளறி, பாதியை இவள் பக்கம் தள்ளினாள். ஜன்னலுக்கு வெளியே தெரு வெள்ளையாகக் கிடந்தது. பேசினார்கள்.

காசுக்குக் கேட்பவரிடம் சொல்வதில் ஒரு சௌகரியம் உண்டு. அவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்ற கவலை வேண்டாம். உஷாராணி எல்லாவற்றையும் சொன்னாள். அலுவலகத்தில் ஈப்போவில் ஒரு கல்யாணம் என்று சொல்லி விடுப்பு எடுத்தது. யாருக்குக் கல்யாணம் என்று ஒருவர்கூடக் கேட்காதது. கேட்டால் சொல்ல மாப்பிள்ளை, பெண் பெயர்கூட யோசித்து வைத்திருந்தது.

"பேரு என்ன வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள் நசீமா.

"குகன். பொண்ணு பேரு தர்ஷிணி."

"நல்ல ஜோடி."

இருவரும் சிரித்தார்கள். நசீமாவுக்குக் கன்னம் இழுத்து வலித்தது.

நசீமா சொன்னாள்: பூச்சோங்கில் அவளும் அவள் கணவரும் சேர்ந்து ஆரம்பித்த சாப்பாட்டுக் கடை. அவர் போனபின் பிள்ளைகள் பார்க்கிறார்கள். இப்போது ஐந்து கடை. குழம்பு ஒரே இடத்தில் மெஷினில் வேகிறது. "முன்னாடி எல்லாம் உப்புப் பாக்க என்னக் கூப்பிடுவானுங்கக்கா. இப்ப அதுக்கும் ஒரு மீட்டர் வாங்கிட்டானுங்க." பினாங்குக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சரிம்மா என்றான் பெரியவன். சின்னவன் ஸ்டோர் சாவி எங்கே என்று கேட்டான்.

சொந்தக் கதையைக்கூட எவ்வளவு உருக்கமாகச் சொல்லப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள் என்று உஷாராணி நினைத்தாள். அது பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை என்றும் நினைத்தாள்.

திரும்பி வந்ததும் விமான நிலையத்திலேயே பிரித்துவிட்டார்கள். துணையாளருக்கு நட்சத்திரம் போடச் சொல்லிக் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. ஐந்தும் போட்டாள்.

திங்கள்கிழமை அலுவலகக் கதவில் அந்தக் கருவி இல்லை. முடிவெட்டிக்கொண்டு வந்த மேனேஜரை அது உள்ளே விடவில்லையாம். மறுபடியும் குமிழ் வந்திருந்தது. கல்யாணம் எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

சாயங்காலங்கள்தான் கஷ்டமாகிவிட்டன. முன்பு அந்த வீட்டின் அமைதி அவளுக்குப் பழகியிருந்தது. இப்போது பழக்கம் விட்டுப்போயிருந்தது. மீ ஊறவைத்தால் பாதியைத் தள்ளி வைத்தாள். ஒருநாள் மதிய இடைவேளையில் மையத்துக்குப் போன் செய்தாள்.

"விஷ்ணுப்ரியா, ஒண்ணு கேக்கணும். ட்ரீட்மென்ட் இல்லாம, துணைய மட்டும் புக் பண்ண முடியுமா? இங்கயே. கிள்ளானுக்கு. ஒரு சாயங்காலம்."

"துணைய நாங்க தனியா குடுக்கறது இல்லக்கா. அது ட்ரீட்மென்ட்கூட வர்ற ஃப்ரீ கிஃப்ட்."

"அப்ப இன்னொரு ட்ரீட்மென்ட் எடுத்தா அதே ஆள் வருவாங்களா?"

"ரிக்வெஸ்ட் போடலாம்க்கா. ஆனா முகம் முடிஞ்சிருச்சே." விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "கழுத்து இருக்கு. கழுத்து பண்ணிரலாமா?"

உஷாராணி அலுவலக ஜன்னல் கண்ணாடியில் தன் கழுத்தைப் பார்த்தாள். கழுத்தில் ஒரு குறையும் இல்லை.

"பண்ணிரலாம்" என்றாள்.

அடுத்த மாதம் மையம் ஆண்டு விழா நடத்தியது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம். வாசலில் உஷாராணியின் இரண்டு படங்களும் ஆளுயரத்துக்கு. குழல்விளக்கு உஷாராணியும் வட்டவிளக்கு உஷாராணியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். பார்த்தவர்கள் அதிசயப்பட்டார்கள். அந்தப் படங்களுக்குக் கீழே நின்ற உஷாராணியை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

எல்லாரும் கன்னத்தில் கைவைத்து உறுதிமொழி சொல்லி முடித்ததும், டாக்டர் ரெங்கசாமி மேடையேறினார். அவர் அன்றைக்கு நெகிழ்ந்திருந்தார். நெகிழ்ந்தால் அவருக்கு உண்மை வந்துவிடும்.

"அன்பர்களே, ஆரம்பத்தில் நாங்கள் துணைக்கு ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்தோம். சம்பளம், சேமநிதி, விடுப்பு, கட்டுப்படியாகவில்லை. அப்போதுதான் ஆராய்ந்து ஓர் உண்மையைக் கண்டுபிடித்தோம். எங்களிடம் வருகிற யாருக்குமே துணை இல்லை! ஏன்? துணை என்று ஒருவர் வீட்டில் இருந்தால், 'உன் முகத்துக்கு என்ன குறைச்சல்' என்று சொல்லி அவரே தடுத்துவிடுவார். ஆக, தனிமை என்பது பிரச்சினை அல்ல, அன்பர்களே. அது நம் தொழிலின் மூலப்பொருள்!"

கைதட்டினார்கள்.

"தனியாக வந்த ஒருவரையே தனியாக வந்த இன்னொருவருக்குத் துணையாக்கினோம். இருவரும் மனம் நிறைந்து ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்கள். மையத்துக்கு ஒரு காசு ஆள்செலவு இல்லை. இதுதான் உடன்துணைத் திட்டம். இந்த விவேகத்துக்காக மையத்துக்கு இன்று விருது வழங்குகிறோம்." விருதை அவரே வழங்கி, அவரே பெற்றுக்கொண்டார்.

கைதட்டல் இந்தமுறை கொஞ்சம் தாமதமாக வந்தது. மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பி மீதிப் பேரைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

உஷாராணிக்குக் குகனும் தர்ஷிணியும் நினைவுக்கு வந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு கேட்கிறாள் என்று நம்பி, யாரிடமும் சொல்லாததை எல்லாம் சொன்னோமே. எழுந்து வெளியே வந்தாள். வாசலில், ஆளுயரப் படத்தின் மறைவில், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நசீமா நின்றிருந்தாள். கன்னத்துத் தழும்பு முன்பிருந்த மாதிரியேதான் இருந்தது.

"அப்ப நீங்க ஆபீஸ் ஆள் இல்லையா?" என்றாள் நசீமா.

"இல்லக்கா. நீங்க?"

"நா கஸ்டமர் லா."

தெருவில் மோனோரயில் தலைக்கு மேல் போனது. அது போய் முடியும்வரை இருவரும் அதையே பார்த்தார்கள்.

"அந்த ஐஸ் வச்சீங்களே" என்றாள் நசீமா. "இவ்வளவு அக்கறையா செய்றாங்களே, நம்ம காசுக்குத்தானேன்னு மனசு கேக்கலக்கா. ஊருக்கு வந்தும் அதே நெனப்பு. நா கைக்கு எழுதி வச்சிருக்கேன்."

"கைக்கா?"

"கை ட்ரீட்மென்ட். அதே ஆள் வேணும்னு சொல்லி வச்சேன்."

"நா கழுத்துக்கு" என்றாள் உஷாராணி.

நசீமா அவள் கழுத்தைப் பார்த்தாள். "கழுத்துக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு."

அதற்குள் நசீமாவின் பிள்ளை அனுப்பிய கார் வந்து ஓரத்தில் நின்று ஹாரன் அடித்தது. இருவரும் அவசர அவசரமாக எண்களைச் சொல்லிக்கொண்டார்கள். வெட்கத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கார் போய்விட்டது.

உஷாராணி கழுத்தை ரத்து செய்தாள். ஆனால் போன் செய்யவில்லை. கைப்பேசியை எடுப்பாள், என்ன விஷயம் என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசிப்பாள், வைத்துவிடுவாள். அவள் வாழ்க்கையில் செய்த போன்கள் எல்லாமே ஏதோ ஒரு விஷயத்துக்காகச் செய்தவை. கப்பல் தாமதம், பத்திரத்தில் பிழை, அம்மாவுக்கு மருந்து. அந்தப் பக்கத்திலிருந்தும் போன் வரவில்லை. சேர்த்துவைத்தவர்கள் சொல்லித்தான் பேசினோமோ, இனி என்ன உரிமை என்று நசீமாவுக்கும் இருந்திருக்கலாம்.

ஒரு பொது விடுமுறை நாள். கிள்ளானில் மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை, கடைக்குப் போக முடியவில்லை. செய்வதற்கு எதுவும் மிச்சமில்லாத பிற்பகலில், யோசிப்பதற்கு முன்பே எண்ணை அழுத்திவிட்டாள்.

"ஹலோ?"

"நாந்தான்க்கா. கிள்ளான் உஷா."

"உஷாக்கா! என்னக்கா, என்ன விஷயம்?"

பயந்த கேள்வி வந்துவிட்டது. உஷாராணி ஜன்னலைப் பார்த்தாள், மழையைப் பார்த்தாள். ஒரு விஷயமும் கிடைக்கவில்லை.

"விஷயம் ஒண்ணும் இல்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ தாளிக்கும் சத்தம் கேட்டது.

"சும்மாவா?"

"சும்மாதான்."

"இருங்கக்கா" என்றாள் நசீமா. "வச்சிராதீங்க. அடுப்ப அணைச்சிட்டு வந்துர்றேன்."